போதை தெளிந்த பிறகு...

1988-ம் வருஷம், மே 15. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தார் அந்த மனிதர். வயது 34. ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முந்தின ராத்திரி தன்னுடைய பிக்அப் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு, மோதியது எப்படி என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை.

பிறகுதான் விவரம் சொன்னார்கள்.

நெடுஞ்சாலை 71-ல் அவர் தப்பான திசையில், எதிர்ப்புறப் பாதையில் வடக்கு நோக்கிப் போயிருக்கிறார். எதிரே ஒரு பஸ். பழைய ஸ்கூல் பஸ் அது. ஒரு சர்ச் அதை வாங்கி வைத்திருந்தது. ‘கிங்ஸ் ஐலண்ட்’ என்கிற கேளிக்கைப் பூங்காவுக்குப் போய், நாள் முழுக்க ஆடிப் பாடிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு திரும்பிக் கொண்டிருந்த கூட்டம். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். பஸ்ஸில் மொத்தம் 67 பேர். கேரல்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ராத்திரி பதினோரு மணி வாக்கில் நேருக்கு நேர் மோதல். மோதலில் யாரும் சாகவில்லை! ஆனால் பஸ்ஸின் பெட்ரோல் டாங்க் கிழிந்து தீப்பிடித்தது. முன் கதவு நசுங்கிப்போய்த் திறக்க முடியவில்லை. மிச்சமிருந்தது பின்னால் இருந்த ஒரே ஒரு எமர்ஜென்ஸி கதவு. அத்தனை பேரும் அந்த இருட்டில், அந்தப் புகையில், ஒரு குறுகலான நடைபாதை வழியாக அந்த ஒரு கதவை நோக்கி...

27 பேர் செத்துப்போனார்கள். அதில் 24 பேர் பிள்ளைகள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.24 சதவிகிதம். அன்றைக்கு கென்டக்கியில் கணக்கு 0.10. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். (நம்மூர் மோட்டார் வாகனச் சட்டப்படி 0.03-ஐத் தாண்டினாலே குற்றம். ஆக எட்டு மடங்கு.)

அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் இனி என்ன செய்ய வேண்டும்? அழலாம். மன்னிப்புக் கேட்கலாம். இதெல்லாம் மனிதனுக்கு. சட்டத்துக்கு முன்னால்? வாயைத் திறப்பதா, மூடுவதா? ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா? யார் வருவார்கள் துணைக்கு?

இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்காவில் தெளிவான பதில்கள் உண்டு. அந்தப் பதில்களை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் மகான்கள் இல்லை, சட்ட மேதைகளும் இல்லை. பெரும்பாலும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்ட சாமானியர்கள். அதுதான் வேடிக்கை.

*

உலகத்தில் குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டிக் கைதான முதல் ஆசாமி என்று சரித்திரம் சொல்வது லண்டன்காரரை. பெயர் ஜார்ஜ் ஸ்மித். வயது 25. டாக்ஸி டிரைவர். 1897 செப்டம்பர் 10-ம் தேதி, தன்னுடைய எலெக்ட்ரிக் வண்டியை (ஆமாம், அப்போதே பேட்டரி டாக்ஸி இருந்தது!) நியூ பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல் கொண்டுபோய் ஏற்றினார். கோர்ட்டில் ‘ஆமாம், செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டார். சில ஷில்லிங்குகள் அபராதம். வேலை முடிந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1910-ல் குடிபோதையில் கார் ஓட்டுவதற்குத் தடைச்சட்டம் போட்டது. சட்டம் சரி, ஆனால் ‘போதை’ என்றால் எவ்வளவு? அதைச் சொல்ல ஆளில்லை. போலீஸ்காரர் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். கோட்டின் மேல் நடக்கச் சொல்வார். கண் சிவந்திருக்கிறதா, நாக்கு குழறுகிறதா என்று கவனிப்பார். கோர்ட்டில் வக்கீல் எழுந்து, ‘என் கட்சிக்காரருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை, அதனால் கண் சிவப்பு’ என்பார். ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்களில் பல பேர் அதற்கு முந்தின சனிக்கிழமை இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு கார் ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தவர்கள். தலையை ஆட்டி விடுதலை செய்துவிடுவார்கள்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டக் கிளம்பினார் ஒரு பேராசிரியர். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரோலா ஹார்கர். அவர் கண்டுபிடித்த கருவிக்குப் பெயரே ‘டிரங்கோமீட்டர்’. ஆள் ஒரு பலூனில் ஊத வேண்டும். அந்தக் காற்றைக் கத்திரிப்பூ நிறத்து ரசாயனத் திரவத்துக்குள் விட்டால், ஆல்கஹால் இருந்தால் நிறம் வெளுக்கும். 1938 டிசம்பர் 31-ம் தேதி, புத்தாண்டுக் கொண்டாட்ட ராத்திரியில் இண்டியானாபொலிஸ் போலீஸ் அதை முதன்முதலாகத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தேதியை எப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!

அடுத்த வருஷமே இண்டியானா சட்டத்தில் ஒரு எண் ஏறியது. 0.15 சதவிகிதம். இன்றைக்கு யோசித்தால் பகீரென்கிறது. ஆனால் அன்றைக்கு அது பெரிய புரட்சி. மூக்குப் போய் எண் வந்துவிட்டது. 1954-ல் அதே மாநிலத்து போலீஸ் துறையில் வேலை பார்த்த ராபர்ட் பார்க்கன்ஸ்டைன், தூக்கிக்கொண்டு போக வசதியான ‘பிரீத்தலைஸர்’ கருவியைச் செய்தார். உலகம் முழுக்க, ‘ஊதுய்யா!’ என்று போலீஸ்காரர்கள் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, ஊத மாட்டேன் என்றால்?

*

ஒரு விஷயத்தை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஐந்தாவது திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அப்படியென்றால், என் மூச்சும் ரத்தமும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லலாமா?

நியூயார்க்காரர்கள் 1953-ல் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ‘ரோட்டில் வண்டியை எடுத்தபோதே, கேட்டால் பரிசோதனைக்கு உடன்படுவேன் என்று நீ சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம். மாட்டேன் என்றால் சொல்லிவிட்டுப் போ. ஆனால் லைசென்ஸைக் கொடுத்துவிட்டுப் போ!’ கையெழுத்துப் போடாத சம்மதம். காலப்போக்கில் எல்லா மாநிலங்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

ரத்தத்தின் கதை சுப்ரீம் கோர்ட்வரை போனது. 1964 நவம்பர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். ஷ்மெர்பர் என்பவர் ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடத்தில் குடித்துவிட்டு, காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினார். ஆஸ்பத்திரியில் வைத்துக் கைது. ‘ரத்தம் எடுக்கக் கூடாது, என் வக்கீல் சொல்லியிருக்கிறார்’ என்றார். போலீஸ்காரர் சொல்ல, டாக்டர் ஊசியைக் குத்தி எடுத்துவிட்டார். 1966 ஜூன் 20-ம் தேதி தீர்ப்பு. ஐந்துக்கு நாலு. ‘ரத்தம் என்பது பேச்சு அல்ல, பொருள். எடுத்தது சரிதான்.’

இதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஜூன் 13-ம் தேதி, அதே கோர்ட்தான் மிராண்டா வழக்கின் புகழ்பெற்ற தீர்ப்பைக் கொடுத்தது. ‘நீ மௌனமாக இருக்கலாம், சொல்வதெல்லாம் உனக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஹாலிவுட் படங்களில் போலீஸ்காரர் கடகடவென்று ஒப்பிப்பாரே, அது. ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள். வாய் உன்னுடையது, ரத்தம் அரசாங்கத்தினுடையது!

ஆனால் வாய் எப்போது உன்னுடையது ஆகிறது? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒஹையோவில் வண்டி அலைபாய்ந்துகொண்டு போனதைப் பார்த்து ஒருவரை நிறுத்தினார் போலீஸ்காரர். ‘ஏதாவது சாப்பிட்டாயா?’ ‘ரெண்டு பீர். கொஞ்சம் கஞ்சா.’ என்ன ஒரு நேர்மை! அவருக்கு யாரும் மிராண்டா பாடம் சொல்லவில்லை. 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: ரோட்டோரத்தில் நிறுத்திக் கேட்பது கைது ஆகாது, அங்கே உளறினால் உளறினதுதான், அதைப் பயன்படுத்தலாம். கைதான பிறகு கேட்டால்தான் உரிமைகளைச் சொல்ல வேண்டும், குற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஆகவே அமெரிக்க வக்கீல்கள் இன்றுவரை கட்சிக்காரர்களிடம் சொல்வது ஒன்றுதான்: பெயரைச் சொல், லைசென்ஸைக் காட்டு, மரியாதையாக இரு, அதற்கு மேல் பேசாதே. ‘ரெண்டே ரெண்டு பீர்தான் சார்’ என்ற வாக்கியத்தால் ஜெயிலுக்குப் போனவர்களை ஒரு ஊரில் குடிவைக்கலாம்.

இன்னொரு கேஸ் இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். பென்சில்வேனியாவில் மூனிஸ் என்பவரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, வீடியோ ஓட, பெயர், முகவரி, வயது என்று வரிசையாகக் கேட்டார்கள். சிலவற்றுக்குத் தடுமாறினார். கடைசியாக அதிகாரி கேட்டார்: ‘உன்னுடைய ஆறாவது பிறந்த நாள் என்ன தேதி, தெரியுமா?’ மனிதர், ‘தெரியாது’ என்றார். குடிக்காத ஆளே ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணுகிற கேள்வி இது! 1990-ல் சுப்ரீம் கோர்ட் மண்டையைக் குடைந்துகொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. நாக்குக் குழறியது உடம்பின் விஷயம். அதைச் சாட்சியமாகக் காட்டலாம். ஆனால் ‘தெரியாது’ என்ற பதில் மனசின் விஷயம். உரிமையைச் சொல்லாமல் கேட்டதால் அது செல்லாது. ஒரே வாயிலிருந்து வந்த குழறலும் பதிலும் இப்படித் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன.

*

இப்போது அந்தப் பயங்கரமான வார்த்தைக்கு வருவோம். ஃபெலனி.

அமெரிக்காவில் குற்றங்களுக்கு இரண்டு ஜாதி. சின்னது ‘மிஸ்டிமீனர்’. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தண்டனை, உள்ளூர் ஜெயில். பெரியது ‘ஃபெலனி’. ஒரு வருஷத்துக்கு மேல், மாநிலச் சிறை. இந்த வார்த்தை இங்கிலாந்திலிருந்து வந்தது. பழைய காலத்தில் ஃபெலனி செய்தவனுடைய நிலமும் சொத்தும் பறிபோகும். பெரும்பாலும் தலையும். இங்கிலாந்து 1967-ல் இந்தப் பாகுபாட்டையே தூக்கி எறிந்துவிட்டது. அமெரிக்கா இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறது. பல மாநிலங்களில் ஃபெலனிக்காரருக்கு ஓட்டுரிமை போகும், சில இடங்களில் தண்டனைக் காலம் முடிகிற வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு விண்ணப்பித்தால் பழைய கதையைக் கிளறுவார்கள்.

குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினால் பெரும்பாலும் மிஸ்டிமீனர்தான். விஸ்கான்சினில் முதல் தடவை பொதுவாக அது குற்றமே கிடையாது. வெறும் அபராதம்! 1978-ல் அங்கே வெல்ஷ் என்பவர் காரை ஒரு வயலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து போய்ப் படுத்துவிட்டார். போலீஸ் வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையில் பிறந்த மேனிக்குக் கிடந்தவரைக் கைது செய்தது. அபராதம் மட்டுமே உள்ள சமாசாரத்துக்காக ராத்திரியில் ஒருவன் வீட்டுக்குள் புகுவதா என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் போலீஸைக் கடிந்துகொண்டது.

ஃபெலனி ஆவது எப்போது? யாராவது செத்தால், பலமாக அடிபட்டால். அல்லது திரும்பத் திரும்பச் செய்தால். நியூயார்க்கில் பத்து வருஷத்துக்குள் இரண்டாவது தடவை என்றாலே ஃபெலனி. கலிபோர்னியாவில் பத்து வருஷத்துக்குள் நாலாவது. நியூ மெக்ஸிகோவிலும் நாலாவது. அந்த மாநிலத்தில் ஒருவர் பன்னிரண்டு தடவை தண்டனை வாங்கியிருந்தார் என்பது 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. அவர் மாட்டியது துப்பாக்கி வைத்திருந்த கேஸில். குடித்து ஓட்டியதெல்லாம் ‘வன்முறை ஃபெலனி’ கணக்கில் சேருமா, தண்டனையை ஏற்றலாமா என்பது கேள்வி. சேராது என்றது கோர்ட்.

நியூயார்க்கில் இன்னொரு வழியும் உண்டு. 2009 அக்டோபரில் லியாண்ட்ரா என்ற 11 வயதுப் பெண், தோழியின் அம்மா போதையில் ஓட்டிய காரில் போய் இறந்தாள். அடுத்த மாதமே அவள் பெயரால் சட்டம் வந்தது. காரில் 15 வயதோ அதற்குக் கீழோ பிள்ளை இருந்தால், முதல் தடவையாக இருந்தாலும் ஃபெலனிதான்.

ஃபெலனியில் கைதானவருக்கு ஒரே ஒரு ஆறுதல், வக்கீல். கையில் காசில்லாவிட்டால் அரசாங்கமே வைத்துக்கொடுக்க வேண்டும். இதை வாங்கிக் கொடுத்தவர் கிளாரன்ஸ் கிடியன். ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக்கூடத்தில் திருடியதாக உள்ளே போனவர். சிறையிலிருந்து பென்சிலால் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். 1963-ல் ஜெயித்தார். அதற்கு முன்னால் பல மாநிலங்களில் காசில்லாதவன் தானே எழுந்து நின்று, ஜட்ஜ் பேசும் பாஷை புரியாமல் தலையாட்ட வேண்டியதுதான்.

ஜட்ஜ் முன்னால் எப்போது? வாரன்ட் இல்லாமல் பிடித்தால், பிடித்தது நியாயம்தானா என்று ஒரு நீதிபதி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும் என்று 1991-ல் தீர்ப்பு. இதற்கு நடுவில் லைசென்ஸ் தனியாக ஒரு பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். கோர்ட் ஒரு பக்கம். மோட்டார் வாகன இலாகா இன்னொரு பக்கம். கலிபோர்னியாவில் கைதான பத்து நாளைக்குள் இலாகாவிடம் விசாரணை கேட்டு மனுப் போட வேண்டும். விட்டால் லைசென்ஸ் முடக்கம் தானாக அமலுக்கு வந்துவிடும். ஜாமீனில் வந்தவர் கேஸைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, மேசையில் கிடக்கும் அந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கவனிக்காமல் விடுவது ரொம்ப சகஜம். அப்புறம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் அது புதுக் கேஸ்.

ரத்தம் பற்றிய கதையும் 1966-ஓடு முடியவில்லை. 2010-ல் மிசௌரியில் மெக்னீலி என்பவர் ராத்திரி இரண்டு மணிக்குப் பிடிபட்டார். ஏற்கெனவே இரண்டு தண்டனை இருந்ததால் இது ஃபெலனி. ஊத மறுத்தார். நேரே ஆஸ்பத்திரி. மறுத்தும் ரத்தம் எடுத்தார்கள். நிறுத்தியதிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அளவு 0.154. நேரம் ஆக ஆக ரத்தத்தில் ஆல்கஹால் குறையும், அதனால் வாரன்ட்டுக்குக் காத்திருக்க முடியாது என்றது போலீஸ். அது மட்டும் போதாது என்று 2013-ல் சொன்னது சுப்ரீம் கோர்ட். ஃபோன் போட்டால் ஜட்ஜ் வாரன்ட் கொடுக்கிற காலம் இது, கேட்டால் என்ன குறைந்துவிடும்? 2016-ல் இன்னும் தெளிவாக: கைதுக்குப் பிறகு ஊதச் சொல்ல வாரன்ட் வேண்டாம், மறுப்பதையே குற்றமாக்கலாம். ரத்தத்துக்கு வாரன்ட் வேண்டும். 2019-ல் ஒரு விதிவிலக்கு: ஆள் நினைவில்லாமல் கிடந்தால் பெரும்பாலும் வாரன்ட் தேவையில்லை.

*

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு எரிச்சல் வந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு இத்தனை உரிமையா? அடிபட்டுச் செத்தவர்களுக்கு யார் வக்கீல்?

இதே கேள்வியைத்தான் கேண்டி லைட்னர் கேட்டார். 1980 மே 3-ம் தேதி, கலிபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸில், அவருடைய 13 வயது மகள் கேரி, சர்ச் திருவிழாவுக்கு ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்த கார் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவர் இதே குற்றத்துக்காக முன்பே தண்டனை வாங்கியவர். அது மட்டுமா? இரண்டே நாள் முன்னால்தான் குடித்துவிட்டு இன்னொரு வண்டியை இடித்துவிட்டு ஓடிய கேஸில் ஜாமீனில் வெளியே வந்திருந்தார்! அந்த ஆள் ஜெயிலுக்குப் போவதே சந்தேகம்தான் என்று போலீஸ்காரரே சொன்னபோது, அந்த அம்மாளுக்குத் துக்கத்தைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. அதே வருஷம் ‘மேட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். போதை டிரைவர்களுக்கு எதிரான தாய்மார்கள் சங்கம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் கையில் போட்டோவை வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தால், எந்த ஜட்ஜுக்குத்தான் லேசான தண்டனை கொடுக்கக் கை வரும்? நாலே வருஷத்தில், 1984 ஜூலையில், குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் வெட்டு என்ற சட்டத்தில் ரீகன் கையெழுத்துப் போட்டார். 2000-ல் கிளிண்டன், 0.08-க்கு இறங்காத மாநிலங்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்தார். யூட்டா மாநிலம் 2018 கடைசியில் 0.05-க்கே போய்விட்டது. முதல் தடவை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதும், சின்னக் குற்றமாக மாற்றிப் பேரம் பேசி முடிப்பதும் மெல்ல மெல்லக் குறைந்தன. (லைட்னர் அம்மையார் 1985-லேயே அந்த அமைப்பை விட்டு விலகினார். 1994-ல் மதுக்கடைக்காரர்கள் தரப்புக்காக ஆதரவு திரட்டும் வேலையில் இருந்தார். மனிதர்களைக் கணக்குப் போட முடியாது.)

பேரம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவில் கிரிமினல் கேஸ்களில் பெரும்பாலானவை விசாரணைவரை போவதில்லை. ‘ஒப்புக்கொள், குறைத்துத் தருகிறோம்’ என்று அரசுத் தரப்பு பேசும். குடியுரிமை இல்லாதவர் அப்படி அவசரப்பட்டு ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லியோகால் என்பவர் உதாரணம். ஹெய்ட்டி நாட்டவர். கிரீன் கார்டு வைத்திருந்தார். 2000-ல் ஃபுளோரிடாவில் போதையில் ஓட்டி இருவருக்குப் பலத்த காயம். ஃபெலனி. குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டரை வருஷம் ஜெயில். உள்ளே இருக்கும்போதே குடியேற்ற அதிகாரிகள் வந்தார்கள். ‘இது வன்முறைக் குற்றம். நாட்டை விட்டு வெளியேறு.’ 2002-ல் ஹெய்ட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். 2004 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒன்பதுக்கு பூஜ்யம் என்ற கணக்கில், கவனக்குறைவால் நேர்ந்தது வன்முறைக் குற்றம் ஆகாது என்று அவருக்குச் சாதகமாகச் சொன்னது. சொன்னபோது மனிதர் இரண்டு வருஷமாக நாடு கடத்தப்பட்டுக் கிடந்தார்.

2010-ல் இன்னொரு தீர்ப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை. சொல்லாவிட்டால் அது வக்கீலின் குற்றம். ஆகவே அமெரிக்காவில் கைதாகும் வெளிநாட்டவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை வருஷம்?’ என்பது அல்ல. ‘இதனால் என் விசா என்ன ஆகும்?’ என்பதுதான். ஏனென்றால் 2015-லிருந்து அமெரிக்க வெளியுறவுத்துறை, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே விசாவை ரத்து செய்யலாம் என்று வைத்திருக்கிறது. தண்டனை வேண்டாம், கைது போதும். கோர்ட்டில் விடுதலையே ஆனாலும், கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ சென்னைக்கு வந்தவர் திரும்பிப் போகப் புதிதாக விசா கேட்டு, மெடிக்கலுக்கு நின்று, ‘நான் குடிகாரன் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டி வரும்.

*

கென்டக்கிக்குத் திரும்புவோம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அந்த மனிதர் 1984-லும் ஒரு முறை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர். இந்த முறை அவர் மேல் 27 கொலை வழக்குகள். மரண தண்டனை கேட்கப் போவதாக அரசுத் தரப்பு முதலில் சொன்னது, பிறகு கைவிட்டது. அவருடைய வக்கீல்கள் ஒரு வாதத்தை வைத்தார்கள். மோதியதில் ஒருவரும் சாகவில்லையே! தீயில்தானே செத்தார்கள்? பெட்ரோல் டாங்க்குக்குக் காப்பு இல்லாத பஸ்ஸை ஓட விட்டது யார்? கேட்பதற்கு விதண்டாவாதம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஓர் உண்மையும் இருந்தது. ஸ்கூல் பஸ்ஸுக்கான புதிய பாதுகாப்பு விதிகள் 1977 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்தன. இந்த பஸ்ஸின் அடிச்சட்டம் தயாரானது அதற்குச் சில நாட்கள் முன்னால், மார்ச் மாதம். இன்றைக்கு கென்டக்கியில் ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஒன்பது அவசர வழிகள் இருக்க வேண்டும். காரணம், அந்த ராத்திரி.

1989 டிசம்பரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. கொலை அல்ல, இரண்டாம் தர மரணம் விளைவித்தல். பதினாறு வருஷம். பிள்ளைகளை இழந்த பெற்றோர்களில் சிலருக்கு அது போதவே போதாது. அவர்களில் ஒரு தாய், பத்து வயது மகளைப் பறிகொடுத்த கரோலின் நனலி, பிற்பாடு லைட்னர் தொடங்கிய அதே ‘மேட்’ அமைப்பின் தேசியத் தலைவரானார்.

சிறையில் அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பிரிவில் குமாஸ்தா வேலை பார்த்தார். விட்ட படிப்பை முடித்தார். நன்னடத்தைக்காகச் சில வருஷங்கள் கழிந்தன. நடுவில் பரோல் வாரியம் அவரை முன்கூட்டியே விடுவிக்க முன்வந்தது. இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் எந்தக் கைதியும் எந்த வக்கீலும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்.

வேண்டாம் என்றார் அவர். மிச்சக் காலத்தையும் உள்ளேயே கழித்துவிட்டு, 1999 செப்டம்பர் 1-ம் தேதி லா கிரேஞ்ச் சிறையிலிருந்து வெளியே நடந்து வந்தார்.